எனக்கு வராத அம்மை

எங்கள் எஸ்டேட்டின் குடியிருப்பு விதிகளில் பதினான்காவது இப்படிச் சொல்கிறது: வீடுகளுக்குள் பூச்சிமருந்து அடிக்க ஏழு முழு நாட்களுக்கு முன்பே குடியிருப்பவருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும், அவர் எழுத்து மூலம் ஆட்சேபித்தால், அதற்கு எழுத்து மூலம் பதில் தரும்வரை அந்த வீட்டில் மருந்து அடிக்கக் கூடாது, பதிலை ஆள் மூலம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இதை நான் ஒப்பிப்பதற்கு ஞாபகசக்தி காரணம் அல்ல. தட்டச்சு செய்தவனே நான்தான். 'முழு நாட்கள்' என்பதில் 'முழு' என்ற சொல்லைச் சேர்த்தவனும் நான்தான். அது எதற்கென்று அன்றைய மேனேஜரான பெரிய துரைக்கு விளங்கவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். பெரிய கிராணியான நான், அதாவது தலைமை எழுத்தர், கொண்டுவந்து வைக்கும் காகிதத்தில் துரைமார் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடும் காலம் அது.

இந்த முறை எங்களுக்குக் கிடைத்தது மூன்று நாள். அதுவும் காகிதத்தில் இல்லை. எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தது. அந்தக் குழுவில் நான் இல்லை. ஓய்வு பெற்ற அன்று மாலையே என்னை நீக்கிவிட்டார்கள். அந்த ஒரு காரியத்தில் மட்டும் நிர்வாகம் இன்றுவரை தாமதம் காட்டியதில்லை. என் மனைவிதான் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கீழே வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில் மூட்டைப்பூச்சியாம். ஆகவே கிராணிமார் வீடுகள் உட்பட எல்லா வீடுகளுக்கும் வெள்ளிக்கிழமை மருந்தாம். உணவுப் பொருட்களை மூடி வைக்கவும் என்று முடிந்திருந்தது. கீழே பதினோரு பேர் கைகூப்பிய படம் போட்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சிலந்தி இருந்தது. டாரண்டுலா. தென்னமெரிக்கச் சாதி, பெண், விரித்தால் என் உள்ளங்கையை மூடும். ஓய்வு பெற்றபோது எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இனி எதற்கு நேரம் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்த மாதமே ஈப்போவில் ஒரு வளர்ப்புப் பிராணிக் கடையில் இதை வாங்கிவந்தேன். குரைக்காது. கதவுக்கு வந்து வாலாட்டாது. சௌக்கியமா என்று கேட்காது. முப்பத்தைந்து வருடம் மனிதர்களோடு வேலை பார்த்தவனுக்கு இதைவிடத் தோதான துணை கிடையாது.

பூச்சிமருந்து சிலந்தியைக் கொல்லும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அடித்த இடத்தில் மட்டும் இல்லை. சுவரில் காய்ந்து ஒட்டியிருந்தாலும் கொல்லும். அதனால்தான் தேயிலைக்காட்டு வெட்டுக்கிளியைப் பிடித்து நான் அதற்குப் போட்டதே இல்லை. ரிங்லெட்டில் குருவித்தீனி விற்கும் கடையிலிருந்து சில்வண்டு வாங்கிவருவேன். வேறு சமயமாக இருந்தால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு கம்போங் ராஜாவில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அது சட்டை உரிக்கும் சமயம்.

சிலந்தி வளர வேண்டுமானால் பழைய தோலைக் கழற்றியாக வேண்டும். இரண்டு மாதமாக அது எதையும் தொடவில்லை. போட்ட சில்வண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டேன். உரித்துக் கிடக்கும் சிலந்தியைச் சில்வண்டே கடித்துத் தின்றுவிடும். அதன் வயிற்றின் மேல் முடி கொட்டிய வழுக்கை இடம் ஒன்று உண்டு. வெளிர்நிறமாக இருந்த அது அடிபிடித்த சட்டிபோலக் கறுத்துவிட்டது. அடியில் புதுத்தோல் தயாராகிவிட்டதன் அடையாளம் அது. மார்கழிக் குளிரில் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் என்று பெட்டியின் பக்கவாட்டில் சூடேற்றும் தகடு ஒட்டியிருந்தேன். அறிவிப்பு வந்த அன்று அது தரையில் வெள்ளையாக ஒரு வலைப்பாயை விரிக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பாயின் மேல் மல்லாந்து படுத்து, பல மணிநேரம் எடுத்து, ஒவ்வொரு காலாக உருவும். அப்போது பெட்டியை ஆட்டினால் கால் போகும், அல்லது உயிர் போகும். நம் மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் கொண்டுபோவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆகவே விதிப்படி ஆட்சேபம் எழுதினேன். ஆங்கிலத்தில், மூன்று பக்கம், இணைப்பு ஒன்று. மறுநாள் காலை ஆபீசில் கொடுத்து, நகலில் முத்திரைச் சாப்பு குத்தி வாங்கிக்கொண்டு, பதிலுக்காக அங்கேயே உட்கார்ந்தேன்.

உதவி மேனேஜரான சின்னத் துரை கோலாலம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பையன். என் கடிதத்தை உப்புக் கண்டம் பார்ப்பதுபோல் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"அங்கிள், மூணு பக்கமா? பாயிண்ட் என்னான்னு சொல்லுங்களேன்."

"முதல் பத்தியில இருக்கு."

படித்தார். உதட்டை மடித்துக்கொண்டார். "ஸ்பைடருக்கு எக்ஸெம்ஷனா? ஒரு டப்பாவுல போட்டு ஒரு நாளைக்கு யார் வீட்டுலயாவது வச்சிருங்க லா. எங்க அக்கா ஹேம்ஸ்டர அப்படித்தான் கொண்டு போவாங்க."

ஹேம்ஸ்டர் தோலை உரித்துக்கொண்டு வெளியே வருமா என்று கேட்டேன். வராது என்று ஒப்புக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி எனக்குத் தெரியும். எதிராளியின் மனுவில் ஓட்டை கண்டுபிடிக்கும்போது கிராணியின் முகத்தில் வருவது அது.

"அங்கிள், வீடு ஆண்டி பேர்லல்ல இருக்கு? நீங்க இப்ப ஸ்டாஃப் இல்லையே. குடியிருப்பவர்னா வீடு யார் பேர்ல ஒதுக்கியிருக்கோ அவங்கதான். ரூல் அங்கிள். ரெண்டாவது ரூல்."

உண்மை. நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்த வீட்டில் நாங்கள் இருப்பதற்குக் காரணம் என் மனைவி. எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தை, எல்லோரும் ஆயாக்கொட்டகை என்று சொல்வதை, இன்னும் அவள்தான் நடத்துகிறாள். வீடு அவள் பெயருக்கு மாறியிருந்தது. நான் அங்கே தங்கியிருப்பவன், குடியிருப்பவன் அல்லன். இரண்டாவது விதியையும் தட்டச்சு செய்தது யார் என்று அவரிடம் சொல்லி அவர் மகிழ்ச்சியைக் கூட்ட விரும்பாமல் எழுந்து வந்தேன்.

மனைவி முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கத்தி நிற்கவில்லை.

"அந்தச் சனியனுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

"சனியனுக்கு இல்ல. விதிப்படி..."

"ஒங்க விதியக் கொண்டுபோய் அது பொட்டிக்குள்ள போடுங்க, திங்கட்டும். ரெண்டு மாசமா பட்டினியாத்தானே கெடக்கு."

அவள் பக்கத்தில் நியாயம் இருந்தது என்பதை நான் பதிவு செய்தே ஆக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் அலமாரியைத் துடைத்தபோது சிலந்தி பின்னங்காலால் வயிற்று முடியை உதைத்துத் தள்ளியது. அந்த முடி பட்டால் அரிக்கும். இரண்டு வாரம் இரண்டு கையும் தடித்துப்போய், பிள்ளைகளைத் தூக்க முடியாமல் அவதிப்பட்டாள். அப்போது நான் மருந்து வாங்கி வரவில்லை. பெட்டியின் மேல் 'அனுமதியின்றித் தொடக் கூடாது' என்று ஒரு காகிதம் ஒட்டினேன். முடியை அவள் மன்னித்துவிட்டாள். காகிதத்தை மன்னிக்கவில்லை.

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்பே அவள் பெயரில் புதிய ஆட்சேபம் ஒன்றைத் தயாரித்தேன். இரண்டரைப் பக்கமாகக் குறைத்திருந்தேன். கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிலுவைக் குறி போட்டு, சீனி டின்னுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் முழுவதும் அது அங்கேயே இருந்தது. சீனி எடுத்திருக்கிறாள், டின்னைத் திரும்ப அதே காகிதத்தின் மேல் வைத்திருக்கிறாள். கையெழுத்து இல்லை. நானும் கேட்கவில்லை. கெஞ்சுவதற்கு எந்த விதியிலும் இடம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிலந்தி மல்லாந்தது.

முதல் தடவை பார்ப்பவர் செத்துவிட்டது என்றே நினைப்பார். எட்டுக் காலும் மேலே, அசைவில்லை. சட்டை உரிப்பதைப் பற்றித் தெரியாதவர்கள் அந்த நிலையில் எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். நான் விளக்கை அணைத்துவிட்டு, கதவிடுக்கிலும் சன்னலிலும் ஈரத்துண்டுகளை அடைத்துவிட்டு, வாசற்கதவை வெளிப்பக்கம் சாத்திக்கொண்டு படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே பம்பு இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வு நாற்காலி வழியாக என் முதுகில் ஏறியது. உள்ளே அந்தப் பெட்டியில் எப்படி ஏறியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முயன்றேன்.

பத்து மணிக்கு மருந்து மண்டோர், மருந்தடிக்கும் ஆட்களின் மேஸ்திரி, வந்தார். ஐம்பது வயது ஆள், முகக்கவசத்தைத் தாடையில் இறக்கிவிட்டிருந்தார். பின்னால் பம்பு மாட்டிய இரண்டு வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

"எழுந்திரிங்க கிராணியாரே. பத்து நிமிஷ வேலை."

"ஆட்சேபம் கொடுத்திருக்கேன். பதில் வரல. பதினாலாவது விதி."

"எனக்கு லிஸ்ட்டுதான் தெரியும். லிஸ்ட்டுல இந்த வீடு இருக்கு."

"லிஸ்ட்டு விதிக்குக் கீழேதான்."

அவர் பம்புக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்க வீட்டுல தங்கச்சிக்கு அம்மா எறங்கியிருந்தப்ப, வாசல்ல கட்டியிருந்த வேப்பிலைய அவுத்துப் போட்டுட்டு மருந்தடிக்கச் சொன்னது யாரு? எங்கப்பா ஒங்க கால்ல விழுந்தாரு. அப்ப எந்த விதி?"

சொன்னது நான்தான். கொசுவுக்காக அடித்த மருந்து அது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டினால் வெளியாள் நுழையக் கூடாது, எண்ணெய் வைத்துத் தாளிக்கக் கூடாது, சத்தம் கூடாது என்று தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எல்லோரும் கடைப்பிடித்தார்கள். ஒரு வீட்டை விட்டால் கொசு அங்கே போய்க் குடியேறும் என்று நான் வாதாடினேன். வேப்பிலை விலக்கு ஆகாது என்று சுற்றறிக்கையும் எழுதினேன். நான் சொன்னது சரி என்று அன்று நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"அது வேற," என்றேன்.

"என்னா வேற? தங்கச்சி மனுசி, இது பூச்சி. அதான் வேற." அவர் கவசத்தை மூக்குக்கு ஏற்றினார். "நாற்காலியோட தூக்கி வைக்கவா, நீங்களே எழுந்திரிக்கிறீங்களா?"

அக்கம்பக்கத்துச் சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அந்த நேரம் என் மனைவி வளைவில் ஏறி வந்தாள். காப்பகத்துக்கும் அன்று மருந்து என்பதால் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கோவிலுக்குப் போயிருந்தாள். எங்கள் குளிரில் வேம்பு சரியாக வளராது. காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லோரியில் மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வாரம் ஒரு கட்டு கோவிலுக்கு வரும். அதில் ஒரு கொத்து அவள் கையில் இருந்தது. எங்களைப் பார்த்தாள். சன்னல்களைப் பார்த்தாள். என்னைத் தாண்டி, நிலைக்கதவின் ஆணியில் அந்தக் கொத்தைச் செருகினாள்.

"மண்டோரு, பம்ப எறக்கச் சொல்லு. வீட்டுல அம்மா எறங்கியிருக்கு."

"யாருக்குங்கம்மா?"

"அவருக்குத்தான். முதுகெல்லாம் முத்து. வெளியே வராதீங்கன்னா கேட்கறாரா? காய்ச்சல்ல என்னமோ விதி விதின்னு பெனாத்திக்கிட்டு வாசல்ல ஒக்காந்துருக்காரு."

மண்டோர் என்னை வெகு நேரம் பார்த்தார். என் முகத்தில் ஒரு பருகூட இல்லை. அவர் முட்டாள் அல்லர். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வேப்பிலை கட்டின வீட்டுல நான் மருந்தடிக்க மாட்டேன் கிராணியாரே. நான் ஒங்கள மாதிரி இல்ல."

ஆட்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். உள்ளே போனதும் மனைவி சொன்னாள்: "சந்தோசப்படாதீங்க. அந்தச் சனியனுக்காகச் செய்யல. ஒங்கள நாற்காலியோட தூக்குறத லயமே பார்க்கும், நாளைப்பின்ன நான்தான் அவங்க பிள்ளைங்களுக்குச் சோறூட்டணும்."

மாலை நாலு மணிக்குச் சிலந்தி முழுதாக வெளியே வந்தது. ஏழு காலோடு. இடப்பக்கம் மூன்றாவது கால் பழைய தோலுக்குள்ளேயே சிக்கிப் பிடுங்கிக்கொண்டுவிட்டது. பம்பின் அதிர்வால்தான் என்று நான் சொல்வேன், நிரூபிக்க முடியாது. கோரைப்பல் பால் வெள்ளையாக இருந்தது. அது கறுத்து இறுகும்வரை ஒரு வாரத்துக்கு மேல் எதையும் கடிக்க முடியாது, எது தொட்டாலும் காயம் படும். அடுத்தடுத்த உரிப்பில் கால் திரும்ப முளைக்கும். பல் இறுகிவிட்டால் பெட்டியோடு நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். ஆனால் அந்த வாரம் மட்டும் ஒரு துளி மருந்துகூட வீட்டுக்குள் வரக் கூடாது. அதாவது வேப்பிலை இறங்கக் கூடாது. அதாவது எனக்கு அம்மை தொடர வேண்டும்.

தொடர்ந்தது. மண்டோர் அந்தச் செய்தியை லயம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். சாயங்காலமே பெண்கள் வாசல் வரை வந்து கூழும் இளநீரும் வைத்துவிட்டுப் போனார்கள். சன்னல் வழியாக யாராவது பார்ப்பார்கள் என்பதால் நான் பாயில் வேப்பிலை பரப்பிப் படுத்திருக்க வேண்டியிருந்தது. சவரம் கூடாது. தாளிப்பு கூடாது. பொங்கல் வந்தது, எங்கள் வாசலில் பானை ஏறவில்லை. பக்கத்து வீட்டில் பொங்கலோ பொங்கல் என்று கூவியபோது என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கரண்டிச் சத்தத்தில் இருந்ததை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் மண்டோர் வருவார். படிக்குக் கீழே நின்று, பக்தியோடு குரல் கொடுப்பார்.

"முத்து எறங்கிடுச்சுங்களா கிராணியாரே?"

"எறங்குது."

"அரிக்குதுங்களா?"

"அரிக்குது."

"சொறியாதீங்க. அம்மா கோவிச்சுக்கும்." கொஞ்ச நேரம் நின்று அனுபவித்துவிட்டுப் போவார். என் மனைவி கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளோடு சேர்ந்து சிரிக்கும் நிலையில் நானும் இல்லை.

தண்ணீர் ஊற்றுவதில் மூன்று முறை உண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளி. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த நீரை, லயத்துப் பெண்கள் நாலு பேர் பார்த்து நிற்க, பின்வாசலில் என் தலையில் ஊற்றினாள். எங்கள் மலையில் தை மாத வெயில் என்பது ஒரு சம்பிரதாயச் சொல். தண்ணீர் பனிக்கட்டிபோல் இருந்தது. முதல் குடத்தில் எனக்கு நிஜமாகவே சளி பிடித்தது. மூன்றாவது தண்ணீர் முடிந்ததும் வேப்பிலையை அவிழ்த்து ஓடையில் விட்டாள். சிலந்தியின் பல் கறுத்துவிட்டது. அதே நாள் ஒரு சில்வண்டைப் பிடித்துத் தின்றது.

அதன் பிறகு சில நாள் கழித்து ஆபீஸ் தபால் ஆள் கையெழுத்துப் புத்தகத்தோடு வந்தார். உறை என் மனைவி பெயருக்கு இருந்தது. நான் பிரித்தேன். மலாய் மொழியில் ஐந்து வரி. 'தங்கள் விண்ணப்பப்படி, வளர்ப்புப் பிராணியின் நிலை கருதி, தங்கள் வீட்டுக்கு மருந்தடிப்பிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது.' தேதியைப் பார்த்தேன். மருந்தடிப்புக்கு முந்தைய நாள்.

"என்னா விண்ணப்பம்?" என்று அவளிடம் கேட்டேன். "நீதான் கையெழுத்தே போடலியே."

"ஒங்க ரெண்டரைப் பக்கத்துல யாரு போடுவா? நானே எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தேன். நாலு வரி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

நான் தபால் ஆளிடம் திரும்பினேன். கையெழுத்தான கடிதத்தை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அன்னிக்கே கொண்டாந்தேனே! சாயங்காலம் சைன் ஆச்சு, காலையில பத்தரைக்கு வந்தேன். மண்டோருக்குக் குடுக்க வேண்டிய காப்பியும் இதே பையிலதான் இருந்துச்சு. வளைவுல திரும்புறேன், வாசல்ல வேப்பிலை. அம்மா இருக்கற வீட்டுல கையெழுத்துப் புத்தகத்த நீட்டிக்கிட்டு நிக்க எனக்கென்ன பைத்தியமா? தண்ணி ஊத்தினப்புறம் வரலாம்னு போயிட்டேன். அப்புறம் தைப்பூசத்துக்கு லீவு."

மனைவி அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. குடியிருப்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, பெற்றுக்கொண்ட தேதியையும் எழுதினாள். அன்று தைப்பூசத்துக்கு மறுநாள், புதன்கிழமை.